யோகா வகுப்பில் என் முதல் நாள்



ஜூன் 21 யோகா தினம் என்று 2015-லிருந்து வருசா வருசம் டிவியில் பார்க்கிறோம். நம்ம ஊர் சமுதாயக் கூடத்துக்கு வகுப்பு வந்தது இப்போதுதான்.

"நாள் பூரா குனிஞ்சு களை எடுக்கிறவளுக்கு எதுக்கு யோகா?" என்று எங்க அத்தை கேட்டாங்க. அதையே நான் டீச்சரிடம் கேட்டேன். "களை எடுக்கிறது, நாத்து நடுறது, வாசல் கூட்டுறது எல்லாமே முன்னால குனியற வேலை. பின்னால வளையற வேலை ஒண்ணாவது செய்றீங்களா?" என்றார். யோசித்துப் பார்த்தேன், ஒன்றுகூட இல்லை.

புஜங்காசனம் சொல்லிக் கொடுத்தார். குப்புறப் படுத்து, கையை ஊன்றி, பாம்பு படம் எடுக்கிற மாதிரி நெஞ்சைத் தூக்கணும். எனக்கு நாலு விரல்கடைதான் தூக்க வந்தது. வலித்தால் நிறுத்திடணுமாம். இதற்காகச் சுடிதார் போட்டுப் போனதைத் தெருவில் நாலு பேர் பார்த்தாங்க. பார்க்கட்டும்.

கடைசியில் சவாசனம். கண்ணை மூடி மல்லாந்து படுக்கணும். பொழுது விடிந்த பிறகு, காய்ச்சல் தலைவலி இல்லாமல் நான் படுத்தது கல்யாணமான 14 வருசத்தில் அதுதான் முதல் தடவை. பக்கத்தில் ஒரு அக்கா குறட்டையே விட்டுட்டாங்க. யாரும் எழுப்பவில்லை.

வகுப்பு காலை 6 மணிக்கு. அது பால் கறக்கிற நேரம், குழாயில் தண்ணி வர்ற நேரம். முதல் நாள் 22 பேர் வந்தோம், மறுவாரம் 7 பேர். சாப்பிட்டு மூணு மணி நேரம் கழித்துச் செய்யலாம் என்று டீச்சரே சொல்றாங்க. அதனால் சாயங்காலம் 4 மணிக்கு மாற்றித் தரணும் என்று எங்க குழு சார்பில் கேட்டுக்கொள்கிறேன். விரிக்க ஜமுக்காளம் நாங்களே கொண்டு வர்றோம்.