ஆப் இறங்கவில்லையா? கடைக்கு ஓடுமுன் ஒரு நிமிடம்

(தோட்டக் கமிட்டித் தலைவர்களுக்கும் மாதர் பிரிவினருக்கும் நடந்த ஞாயிறு வகுப்பில் ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரை)



போன வகுப்பில் ஊழியர் சேமலாப நிதி பற்றிப் பேசினோம். நம் சம்பளத்தில் 8 சதவீதம், நிர்வாகம் தன் பங்காகப் போட வேண்டியது 12 சதவீதம். அதைச் சரிபார்க்க மாதா மாதம் சம்பளச் சீட்டைப் போனில் படம் எடுத்து வையுங்கள் என்று சொன்னேன். இன்று அந்தப் போனைப் பற்றியே பேச வந்திருக்கிறேன். 'சங்க வகுப்பில் போன் பாடமா டீச்சர்?' என்று பின்னால் ஒரு தம்பி சிரிக்கிறார். காரணத்தைக் கேளுங்கள்.

நம் அங்கத்தவர் ஒரு அக்கா, கொழுந்து எடுப்பவர். எட்டு மாதச் சம்பளச் சீட்டுகளைப் படம் எடுத்து வைத்திருந்தார். சேமலாப நிதிக்கென்று காசு பிடிபட்டிருக்கிறது, கணக்கில் ஏறவில்லை என்று தொழில் காரியாலயத்துக்கு முறைப்பாடு எழுதத் தொடங்கியிருந்தோம். அந்த நேரம் மகளின் படிப்புக்கு ஒரு ஆப் தேவைப்பட்டது. இறங்கவில்லை. டவுனில் ஒரு கொமியூனிகேஷனுக்குப் போனைக் கொண்டு போனார். 'போன் நிரம்பிவிட்டது, எல்லாம் அழித்துப் போட்டால் சரியாகிவிடும்' என்றார்கள். அழித்தார்கள். ஒரு புதுக் கூகுள் கணக்கும் போட்டுக் கொடுத்தார்கள். ஆப் வந்தது. எட்டு மாதச் சீட்டும் போனது. காகிதச் சீட்டுகளில் பாதி லயத்துக் கூரை ஒழுகி நனைந்திருந்தன. முறைப்பாடு மூன்று மாதம் பிந்தியது.

இதில் என் பிழையும் இருக்கிறது. படம் எடுக்கச் சொன்னேன், அதைக் காப்பாற்றும் வழியைச் சொல்லவில்லை. அந்தப் போனில் உண்மையில் என்ன கோளாறு என்று பிறகு கேட்டுப் பார்த்தேன். வாட்ஸ்அப்பில் சேர்ந்த வீடியோக்கள்தான். பத்து நிமிடத்தில் வீட்டிலேயே அழித்திருக்கலாம். ஆகவே ஆப் இறங்காவிட்டால் எதை முதலில் பார்ப்பது, எதைக் கடைசியில் பார்ப்பது என்று ஒழுங்காகச் சொல்கிறேன். போனைக் கையில் எடுங்கள்.

முதலாவது, டேட்டா. 'வாட்ஸ்அப் வேலை செய்யுது டீச்சர், ஆப் மட்டும் எறங்க மாட்டேங்குது' என்று பலர் சொல்வீர்கள். நாம் போடும் பெக்கேஜ்களில் சில வாட்ஸ்அப்புக்கோ முகநூலுக்கோ மட்டும் உரியவை. பிளே ஸ்டோர் அதில் வேலை செய்யாது. சில பெக்கேஜ்களில் பெரும்பகுதி டேட்டா இரவு நேரத்துக்கு உரியது. பகலில் அதைத் தொட முடியாது. எனவே எல்லாவற்றுக்கும் பாவிக்கக்கூடிய டேட்டா எவ்வளவு மிச்சம் என்று முதலில் பாருங்கள். 'வைஃபைக்காகக் காத்திருக்கிறது' என்று எழுத்து வந்தால், பிளே ஸ்டோரில் மேலே வலது பக்க மூலையில் உள்ள உங்கள் வட்டப் படத்தைத் தட்டி, செட்டிங்ஸ், அதற்குள் நெட்வர்க் பிரிஃபரன்சஸ் என்பதைத் திறந்து, எந்த நெட்வர்க்கிலும் இறக்கலாம் என்று மாற்றுங்கள். இன்னொன்று, சிக்னல். பள்ளத்து லயத்தில் ஒரு கோடு சிக்னலில் பெரிய ஆப் பாதியில் நின்றுவிடும். மேட்டுக்குப் போய் இறக்குங்கள்.

இரண்டாவது, வரிசை. 'பெண்டிங்' என்று சொல்லி வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தால், வேறு ஆப்கள் முன்னால் நின்று தங்களைப் புதுப்பித்துக்கொண்டிருக்கலாம். கொழுந்து நிறுக்க வரிசையில் நிற்கிற மாதிரிதான், முன்னால் நிற்பவர் முடிக்க வேண்டும். அதே வட்டப் படத்தைத் தட்டி, மெனேஜ் ஆப்ஸ் என்று தொடங்கும் இடத்துக்குப் போய் மற்றவற்றை நிறுத்துங்கள். உங்களுடையது நகரும்.

மூன்றாவது, இடம். செட்டிங்ஸில் ஸ்டோரேஜ் என்பதைத் திறந்தால் எவ்வளவு இடம் மிச்சம் என்று தெரியும். 1 ஜிபிக்குக் குறைவாக இருந்தால் சிக்கல் அங்கேதான். இங்கேதான் கவனம் வேண்டும். உங்கள் படங்களில் கை வைக்காதீர்கள். முதலில் வாட்ஸ்அப்பைத் திறந்து, செட்டிங்ஸ், ஸ்டோரேஜ் அன்ட் டேட்டா, மெனேஜ் ஸ்டோரேஜ் என்று போங்கள். பெரிய வீடியோக்களும் பலமுறை கைமாறி வந்தவையும் தனித்தனியாக அடுக்கியிருக்கும். தேவையில்லாததைப் பார்த்துப் பார்த்து அழியுங்கள். பிறகு அதே ஸ்டோரேஜ் அன்ட் டேட்டா பக்கத்தில், வரும் படமும் வீடியோவும் தானாக இறங்குவதை நிறுத்திவிடுங்கள். காலை வணக்கப் படங்கள்தான் நம் போன்களை நிரப்புகின்றன. டேட்டாவும் மிஞ்சும். மெமரி கார்ட் போட்டால் ஆப் இறங்கும் என்று நினைக்காதீர்கள். பெரும்பாலான போன்களில் ஆப் போனுக்குள்ளேதான் உட்காரும். ஆனால் படங்களைக் கார்டுக்கு மாற்றினால் உள்ளே இடம் கிடைக்கும்.

நான்காவது, திகதியும் நேரமும். பழைய போன் முழுவதும் சார்ஜ் இறங்கி மறுபடி எரியும்போது சில வேளை திகதி பல வருடம் பின்னுக்குப் போய்விடும். திகதி பிழை என்றால் பிளே ஸ்டோர் திறக்காது. நேரத்தைத் தானாக எடுக்கும்படி செட்டிங்ஸில் வையுங்கள். பிறகு போனை ஒரு தடவை நிறுத்திப் போடுங்கள். சிரிக்காதீர்கள், பாதிக் கோளாறு அதோடு தீரும்.

ஐந்தாவது, பிளே ஸ்டோரையே துடைப்பது. செட்டிங்ஸில் ஆப்ஸ், அதில் கூகுள் பிளே ஸ்டோர், அதற்குள் ஸ்டோரேஜ். அங்கே கிளியர் கேஷ் என்பதை அழுத்துங்கள். அப்படியும் சரிவராவிட்டால் கிளியர் டேட்டா. பயப்பட வேண்டாம், உங்கள் படமோ போட்டு வைத்த ஆப்போ போகாது. ஆனால் ஒன்று: இதை வாட்ஸ்அப்புக்குச் செய்துவிடாதீர்கள். அங்கே கிளியர் டேட்டா அழுத்தினால் பேசியதெல்லாம் போனிலிருந்து போய்விடும்.

ஆறாவது, வெளிநாட்டுப் போன். நம் வீடுகளில் அம்மாவோ அக்காவோ குவைத்திலும் சவூதியிலும் வீட்டு வேலை செய்து கொண்டுவந்த போன்கள் இருக்கின்றன. அந்தப் போனில் உள்ள கூகுள் கணக்கு இன்னும் அந்த நாட்டுக் கணக்காகவே இருக்கலாம். அப்போது இலங்கைக்கென்று செய்த சில ஆப்கள் 'உங்கள் நாட்டில் இல்லை' என்று சொல்லும். கணக்கின் நாட்டை வருடத்துக்கு ஒரு தடவைதான் மாற்ற விடுவார்கள். இலேசான வழி, பழைய கணக்கை விட்டுவைத்து, பக்கத்தில் இங்கே ஒரு புதுக் கணக்கைச் சேர்ப்பது. 'இந்தப் போனுக்குப் பொருந்தாது' என்று வந்தால் அது வேறு கதை. பெரும்பாலும் போனின் அன்ட்ரொயிட் பழையதாக இருக்கும். முதலில் செட்டிங்ஸில் சிஸ்டம் அப்டேட் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் எந்தக் கடையில் காசு கொடுத்தும் பலன் இல்லை.

இவ்வளவும் பார்த்தும் இறங்காதபோது ஒரு ஆபத்து வரும். யாராவது ஒரு லிங்க் அனுப்புவார்கள். 'பிளே ஸ்டோர் வேண்டாம், இதைத் தட்டினால் நேரே இறங்கும்' என்பார்கள். நிவாரணக் காசு, வங்கிக் கடன், வெளிநாட்டு வேலை என்று அதில் எழுதியிருக்கும். தட்டினால், தெரியாத இடத்திலிருந்து ஆப் போட அனுமதி தரட்டுமா என்று போன் உங்களைக் கேட்கும். கொடுக்காதீர்கள். அப்படி உள்ளே வரும் ஆப் உங்கள் மெசேஜ்களைப் படிக்கும். வங்கி அனுப்பும் இரகசிய எண்ணும் அந்த மெசேஜில்தான் வருகிறது. சம்பளம் வங்கிக்குப் போகும் தோட்டங்களில் இதன் அர்த்தம் என்னவென்று நான் விளக்க வேண்டியதில்லை.

கடைக்குப் போகவே கூடாது என்று நான் சொல்லவில்லை. திரை உடைந்தால், பெட்டரி பழுதானால் போகத்தான் வேண்டும். கடைக்காரத் தம்பிமாரும் நம்மைப் போலப் பிழைக்க வந்தவர்கள். ஆனால் மூன்று விஷயத்தை மனதில் வையுங்கள். ஒன்று, 'எல்லாம் அழிக்கலாமா?' என்று கேட்டால், படங்களை வேறிடத்தில் எடுத்து வைத்த பிறகுதான் சரி என்று சொல்லுங்கள். இரண்டு, கூகுள் கணக்கு உங்கள் பெயரில், உங்கள் நம்பரில் இருக்க வேண்டும். அடுத்தவர் போட்ட கணக்கின் பாஸ்வேர்ட் அடுத்தவரிடம்தான் இருக்கும். மூன்று, பாஸ்வேர்டை ஒரு கொப்பியில் எழுதி, பிறப்புச் சான்றிதழ் வைக்கும் பெட்டியில் வையுங்கள். போன் உறைக்குள் துண்டில் எழுதி வைக்காதீர்கள்.

சம்பளச் சீட்டுப் படத்தை இரண்டு இடத்தில் வையுங்கள். கூகுள் கணக்கில் 15 ஜிபி வரை இலவசமாக வைக்கலாம். அது தெரியாதவர்கள் பிள்ளையின் போனுக்கோ தங்கச்சியின் போனுக்கோ மாதா மாதம் ஒரு படம் அனுப்பிவையுங்கள். காகிதச் சீட்டை எறியாமல் பொலித்தீன் பையில் சுற்றி வையுங்கள். இனி அது மழையிலும் நனையாது, கடையிலும் அழியாது.

இன்றைக்கு இங்கே வந்த தம்பி தங்கைகளுக்கு ஒரு வேலை தருகிறேன். ஒவ்வொரு டிவிசனிலும் இரண்டு பேர் பெயர் கொடுங்கள். ஞாயிற்றுக்கிழமை ஒரு மணித்தியாலம் வாசிகசாலையில் உட்காருங்கள். போனோடு வரும் அம்மாமாருக்கு இந்த ஆறையும் செய்து கொடுங்கள். செய்து கொடுக்கும்போது போன் அவர்கள் கையிலேயே இருக்கட்டும், நீங்கள் வாயால் சொல்லுங்கள். பெரட்டில் நம் பெயரை யாரோ எழுதுகிறார்கள், கொழுந்து நிறையை யாரோ எழுதுகிறார்கள். போனில் இருக்கும் சாட்சியையாவது நாமே வைத்திருப்போம்.

அந்த அக்கா இன்று முன் வரிசையில் இருக்கிறார். போன மாதச் சீட்டைப் படம் எடுத்து மகளுக்கும் அனுப்பிவிட்டாராம். முறைப்பாடு இன்னும் முடியவில்லை, நாமும் விடவில்லை.