சத்தம் அடங்கிய பின்பு

(ஆதரவாளர் கூட்டத்தில் ஆஸ்பத்திரிப் போதகர் ஆற்றிய உரை)



உங்கள் காணிக்கையால் எழும்பிய கட்டடத்தையும் கட்டில்களையும் காட்டுவது சுலபம். இன்று அப்படிக் காட்ட முடியாத ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் சிவகாசிப் பக்கத்திலிருந்து ஒரு தாயார் தம் மகனை அழைத்து வந்தார். மனச்சிதைவு நோய். யாரோ திட்டுவதாகக் காதில் சத்தம் கேட்கும். சாப்பாட்டில் விஷம் இருப்பதாகச் சந்தேகிப்பான். மாத்திரை தொடங்கிய சில மாதங்களில் இவை வெகுவாய்க் குறைந்தன. நாங்கள் ஸ்தோத்திரம் செய்தோம். அந்த அம்மா மட்டும் சந்தோஷப்படவில்லை. "அய்யா, தனியாப் பேசுறது நின்னுபோச்சு. இப்ப யார்கூடவும் பேசமாட்டேங்குறான். காலையில உக்காந்த இடத்துலயே சாயங்காலம் வரைக்கும் இருக்கான்" என்றார்.

நான் அவனிடம், "சோம்பேறித்தனத்தை விடு, தம்பி" என்று புத்தி சொன்னேன். அவன் தலைகுனிந்தான். இரண்டு மாதம் ஆஸ்பத்திரிப் பக்கமே வரவில்லை. மாத்திரை நின்றது, சத்தம் திரும்பியது. என் வார்த்தையும் அதற்கு ஒரு காரணம் என்றே இன்றும் நினைக்கிறேன்.

டாக்டரம்மா என்னைத் திருத்தினார். காதில் கேட்கும் சத்தமும் சந்தேகமும் நோயின் ஒரு பக்கம். ஆர்வமின்மை, பேச்சுக் குறைவு, ஒதுங்கியிருத்தல் ஆகியவை மறுபக்கம். அதுவும் நோயே, சோம்பல் அல்ல. முதல் பக்கத்துக்கு மாத்திரை நன்றாக வேலை செய்கிறது. மறுபக்கத்துக்கு அவ்வளவாக இல்லை. வாழ்க்கைத் தரத்தைப் பெரிதும் குறைப்பது இந்த மறுபக்கமும் அதோடு வரும் மனச்சோர்வும்தான் என்று பல ஆய்வுகள் சொல்லுகின்றன. உலகச் சுகாதார நிறுவனம் வாழ்க்கைத் தரத்தை அறிய 26 கேள்விகள் வைத்திருக்கிறது. தூக்கம், உறவு, வீடு, கையில் காசு இவற்றையும் அவை விசாரிக்கின்றன.

மாற்கு 5ஆம் அதிகாரத்தில் கல்லறைகளில் அலைந்த மனிதனை நினையுங்கள். ஊரார் அவனைச் சங்கிலியால் கட்டினார்கள். இயேசுவோ அவனைச் சுகமாக்கியதோடு நிற்காமல், அவன் வீட்டாரிடத்துக்கே திருப்பி அனுப்பினார். நம் பக்கத்து மாவட்டத்தில் ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அன்று கொட்டகையில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் ஓட வழியின்றி வெந்து போனார்கள். 28 பேர் மாண்டார்கள். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியைத் தடைசெய்கிறது. ஆனால் வீட்டு மூலையில் பேச்சுத்துணையின்றி உட்கார்ந்திருப்பவனைச் சட்டம் மட்டும் எழுப்பிவிடாது.

சென்னையில் டாக்டர் சாரதா மேனன் 1984இல் ஸ்கார்ஃப் நிறுவனத்தைத் தொடங்கினார். மருந்தோடு வேலைப் பயிற்சியும் குடும்பத்துக்கு ஆலோசனையும் வேண்டும் என்பது அங்கே கற்கும் பாடம். நம் பகுதியில் வேலைக்குப் பஞ்சமில்லை. ஆனால் தூக்கம் வரவழைக்கும் மாத்திரை சாப்பிடுகிறவரைப் பட்டாசு ஆபீசில் மருந்துக் கலவைப் பக்கம் அனுப்பக் கூடாது. அச்சகமும் அட்டை வேலையும் அவர்களுக்கு ஏற்றவை.

அந்தத் தம்பியிடம் நான் மன்னிப்புக் கேட்டேன். மாத்திரையை மறுபடி தொடங்கினான். இப்போது உறவினர் ஒருவரின் காலண்டர்ப் பட்டறையில் அரைநாள் அட்டை ஒட்டுகிறான். சாயங்காலங்களில் சத்தம் இன்னும் சில நேரம் வருகிறது. "வந்தா வரட்டும் அய்யா, நான் வேலையைப் பாப்பேன்" என்கிறான். முதல் சம்பளத்தில் அம்மாவுக்குச் சேலை வாங்கினான்.

பிரியமானவர்களே, உங்கள் காணிக்கை மாத்திரை வாங்கித் தருகிறது. அது நிற்கக் கூடாது. அதோடு, உங்கள் தெருவிலும் இப்படி ஒருவர் இருப்பார். அவரைப் பேர் சொல்லிக் கூப்பிடுங்கள். ஆராதனையில் பக்கத்தில் உட்கார வையுங்கள். பதில் வரத் தாமதமானால் காத்திருங்கள்.

தேவன் உங்களை ஆசீர்வதிப்பாராக.