பச்சை முட்டையும் நீலக் கோதும்



யூன் மாதம் வந்தால் வருமானவரிப் பத்திரம் பற்றித்தான் நான் பேசுவது வழக்கம். அதை அடுத்த கிழமைக்கு வைத்துக்கொள்வோம். இன்று கோழி முட்டை பற்றிப் பேசப்போகிறேன். சென்ற மாதம் நான் ஒருவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டி வந்தது. அதற்குக் காரணம் ஒரு முட்டை.

எங்கள் நண்பர் ஒருவருக்கு மெல்பேர்ண் நகருக்கு வெளியே ஒரு துண்டுக் காணி உண்டு. அங்கே அறோக்கானா என்ற இனக் கோழிகளை வளர்க்கிறார். அவை நீல முட்டை இடும். என்னுடைய இளைய மகள் அந்த முட்டைகளைப் பார்த்துவிட்டு, எங்கள் பின்வளவிலும் அப்படிக் கோழி வேண்டும் என்று நின்றாள். சென்ற செப்ரெம்பரில் பொரித்த 3 பேட்டுக் குஞ்சுகளை அவரிடம் காசு கொடுத்து வாங்கினேன். மார்ச் மாதம் முதல் முட்டை வந்தது. பச்சை. மற்ற இரண்டும் இடத் தொடங்கின. அவையும் பச்சை.

மகளின் முகம் வாடியதைப் பார்த்த எனக்குக் கோபம். அந்தச் சனிக்கிழமை தமிழ்ப் பாடசாலை வாசலில் நாலு பேர் நிற்க, "அண்ணை, நீலம் எண்டு காசு வாங்கிப்போட்டுப் பச்சையைத் தந்திட்டியள்" என்றேன். சிரித்துக்கொண்டுதான் சொன்னேன். நின்றவர்களும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "நீல முட்டையிலை பொரிச்ச குஞ்சுகள்தான் தம்பி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார். பிறகு அவரிடமிருந்து தொலைபேசி வரவில்லை.

நேயர்களே, 1997இல் நான் ஒரு பையோடு இந்த நாட்டுக்கு வந்து இறங்கியபோது, முதல் 7 மாதம் என்னைத் தன் வீட்டு முன்னறையில் வைத்திருந்தவர் இந்த அண்ணைதான். வாடகை என்று ஒரு சதம் வாங்கவில்லை.

ஒரு நாள் காலை முட்டைப் பொரியலுக்கு அந்தப் பச்சை முட்டையை உடைத்த என் மனைவி, "இஞ்சை ஒருக்கா வந்து பாருங்கோ" என்று கூப்பிட்டார். கோதின் உட்பக்கம் நீலமாக இருந்தது. வெளியே பச்சை, உள்ளே நீலம். அதன் பிறகுதான் நான் இதைப் பற்றித் தேடி வாசிக்கத் தொடங்கினேன்.

முட்டைக் கோதுக்கு இரண்டே இரண்டு நிறப்பொருள்கள்தான் முக்கியம். ஒன்று பிலிவேர்டின். இது நீலம். மற்றது புரோட்டோபோர்பிரின். இது மண்ணிறம். இரண்டுமே இரத்தத்தின் சிவப்புப் பொருளோடு உறவுள்ளவை. கண்டல் காயம் சில நாளில் பச்சையாகத் தெரிவதும் இதே பிலிவேர்டினால்தான்.

கோழியின் வயிற்றில் ஒரு முட்டை உருவாக ஏறத்தாழ 25 மணித்தியாலம் ஆகும். அதில் 20 மணித்தியாலம் அளவில் கோது கட்டுவதற்கே போகிறது. நீலம் கோது கட்டும்போதே அதனுள் ஊறிவிடும். ஆகவே உள்ளும் புறமும் ஒரே நீலம். மண்ணிறமோ பெரும்பாலும் கடைசிச் சில மணித்தியாலங்களில் மேலே பூசப்படுவது. சாதாரண மண்ணிற முட்டையை உடைத்து உள்ளே பாருங்கள், வெள்ளையாக இருக்கும். நீலக் கோதின் மேல் மண்ணிறம் பூசினால் கண்ணுக்குத் தெரிவது பச்சை. பூச்சு மெல்லியதென்றால் இளம்பச்சை, தடித்ததென்றால் ஒலிவ் காய் நிறம். வினாகிரியில் நனைத்த துணியால் ஒரு பச்சை முட்டையைத் தேய்த்துப் பார்த்தேன். பச்சை கலைந்து நீலம் தெரிந்தது.

நீலம் எங்கிருந்து வந்தது? அறோக்கானா தென் அமெரிக்காவின் சிலி நாட்டைச் சேர்ந்தது. அங்குள்ள மாப்புச்சே மக்கள் வளர்த்த கோழிகளின் வழி வந்தது. நீல நிறத்துக்கு ஒரே ஒரு மரபணுதான் காரணம் என்று 1933இல் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் புன்னெற் எழுதினார். தாயிடமிருந்தோ தந்தையிடமிருந்தோ ஒன்று கிடைத்தாலே போதும், கோது நீலமாகும். அந்த மரபணு மாறியதற்கு, மிகப் பழைய காலத்தில் கோழியின் மரபுக்குள் புகுந்துகொண்ட ஒரு வைரசின் துண்டு காரணம் என்று 2013இல் ஆய்வாளர்கள் கண்டார்கள். சீனாவிலும் நீல முட்டைக் கோழிகள் உண்டு. அங்கே அந்த மாற்றம் தனியாக நடந்திருக்கிறது.

மண்ணிறத்துக்கு ஒன்றல்ல, பல மரபணுக்கள். தாயும் தந்தையும் அதைக் கொடுக்கலாம். இங்கேதான் என் கணக்குப் பிழைத்தது. முட்டையின் நிறம் அதை இட்ட கோழியைப் பொறுத்தது. ஆனால் அந்த முட்டையில் பொரிக்கும் பேடு நாளைக்கு என்ன நிறத்தில் இடும் என்பதில் சேவலுக்கும் பாதிப் பங்கு. சேவல் ஒரு முட்டையும் இடுவதில்லை, ஆகவே அதன் பங்கு யாருக்கும் தெரிவதில்லை. அண்ணையின் காணியில் நிற்பது றோட் ஐலண்ட் றெட் சேவல். மண்ணிற முட்டை இனம். தாய் நீலத்தைக் கொடுத்தது, தகப்பன் மண்ணிறத்தைக் கொடுத்தது, மகளுக்குப் பச்சை. அண்ணை சொன்னது ஒவ்வொரு எழுத்தும் உண்மை. அவை நீல முட்டையில் பொரித்த குஞ்சுகள்தான்.

கணக்காய்வில் முதற் பாடம், புத்தகத்தைத் திறந்து பார்க்காமல் கையொப்பம் வைக்காதே என்பது. 25 வருடமாக மற்றவர்களுக்கு அதைச் சொல்லிக்கொண்டிருப்பவன், ஒரு முட்டையின் வெளிப்பக்கத்தை மட்டும் பார்த்து, எனக்கு இடம் தந்த மனிதனை நாலு பேர் முன்னால் ஏமாற்றுக்காரர் ஆக்கிவிட்டேன்.

சென்ற மாதம் மகளையும் கூட்டிக்கொண்டு காணிக்குப் போனேன். "அண்ணை, பிழை என்னிலைதான்" என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. கூட்டுக்குள் போய் 2 நீல முட்டைகளை எடுத்துவந்து மகளின் கையில் வைத்தார். அடுத்த சனிக்கிழமை அதே பாடசாலை வாசலில், அதே ஆட்களிடம், சேவலின் கதையை நான் சொன்னேன். நாலு பேர் முன்னால் சொன்னதை நாலு பேர் முன்னால்தானே திருத்த வேண்டும்.

நேயர்களில் யாராவது நீல முட்டைக்காகக் குஞ்சு வாங்க நினைத்தால், தாய்க் கோழியின் முட்டையை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். சேவல் எந்த இனம் என்றும் கேளுங்கள். எத்தனை கோழி வளர்க்கலாம் என்று உங்கள் மாநகரசபையிடமும் கேட்டுக்கொள்ளுங்கள். சத்தில், கோதின் நிறத்தால் ஒரு வித்தியாசமும் இல்லை.

பச்சை முட்டைகள் எங்கள் வீட்டில் இப்போது மதிப்போடு இருக்கின்றன. மகள் ஒவ்வொன்றையும் உடைத்ததும் முதலில் உட்பக்கத்தைத்தான் பார்க்கிறாள்.

அடுத்த கிழமை வருமானவரியோடு சந்திப்போம்.