முனகும் பலகையும் புதிய விரிப்பும்



தீபாவளி நெருங்கும்போது நம் தோட்டத்து வீடுகளில் இரண்டு செலவுகள் தவறாமல் வரும். ஒன்று புதுத்துணி. மற்றொன்று, ‘தீக்கார் கெத்தா’ என்று கடையில் கேட்டுச் சுருளாக வாங்கி வந்து தரையில் போடும் விரிப்பு. பல தோட்டங்களில் இப்பொழுது கல்வீடுகள் வந்துவிட்டன. ஆனாலும், தூண்கள்மேல் நிற்கும் பழைய பலகை வீடுகளில் குடியிருப்போர் இன்னும் உள்ளனர். விரிப்பைப் போடுவதற்கு முன்னால் அடியிலுள்ள பலகையை நாம் எப்படிக் கவனிக்க வேண்டும் என்பதை இன்று பார்ப்போம்.

பால்வெட்டுக்குப் புறப்படுகிறவர் விடியற்காலையில் எழுந்து பூனைபோல் நடந்தாலும், ஏதோ ஒரு பலகை ‘கிறீச்’ என்று கத்திக் குழந்தையை எழுப்பிவிடுகிறது. இந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது? தரைப் பலகைகள் அடியிலுள்ள குறுக்குக் கட்டைகளில் ஆணியால் அறையப்பட்டிருக்கின்றன. மரம் ஈரத்தில் உப்பும், வறட்சியில் சுருங்கும். ஆண்டுக்கணக்கில் இப்படி நடந்தால் ஆணியின் பிடி தளர்ந்துவிடும். பிறகு, நாம் காலை வைத்தால் பலகை இறங்குகிறது, எடுத்தால் ஏறுகிறது. அப்பொழுது ஆணியோடோ பக்கத்துப் பலகையோடோ அது உராய்வதுதான் அந்த முனகல்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. தீபாவளி வரும் அக்டோபர், நவம்பர் மாதங்களில் மேற்குக்கரை மாநிலங்களில் மழை அதிகம். பலகைகள் உப்பி, ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு சத்தமில்லாமல் இருக்கும். சரியாகிவிட்டது என்று நினைத்து விரிப்பைப் போட்டுவிடுவோம். பிப்ரவரி மாத வெயிலில் பழைய பாட்டு மறுபடியும் தொடங்கும். ஆகவே, மழைக்கு முன்பே இந்த வேலையை முடித்துவிடுவது நல்லது.

வீட்டிலுள்ள பிள்ளைகளை இதற்குக் கூப்பிடுங்கள், மகிழ்ச்சியோடு வருவார்கள். ஒரு பிள்ளை மேலே மெல்ல நடக்கட்டும். சத்தம் வரும் இடத்தில் இன்னொரு பிள்ளை சுண்ணக்கட்டியால் கோடு போடட்டும். பெரியவர் ஒருவர் கைவிளக்கும் கோலும் எடுத்துக்கொண்டு வீட்டின் அடியில் போய்ப் பார்க்க வேண்டும். பாம்பும் குளவியும் இருக்கக்கூடிய இடமாகையால் பிள்ளைகளை அங்கே அனுப்ப வேண்டாம்.

பலகைக்கும் குறுக்குக் கட்டைக்கும் நடுவில் இடைவெளி தெரிந்தால், மெல்லிய மர ஆப்பு ஒன்றில் பசை தடவி அதில் செருகுங்கள். ஓங்கி அடித்துவிடாதீர்கள். பலகை மேலே தூக்கிக்கொண்டால் மற்ற ஆணிகளும் தளர்ந்துவிடும். இடைவெளி இல்லாமல் ஆணி மட்டும் தளர்ந்திருந்தால், பழைய துளையிலேயே அடிப்பதில் பயனில்லை. சற்றுத் தள்ளி, குறுக்குக் கட்டையில் இறங்கும்படி இரண்டு ஆணிகளை எதிரெதிராகச் சாய்த்து அடித்தால் பிடிக்கும். திருகாணி இன்னும் உறுதி. அதன் புரியில் கொஞ்சம் சோப்புத் தடவினால் எளிதாக இறங்கும். செங்கால் போன்ற கெட்டி மரமானால் முதலில் சிறு துளை போட வேண்டும். இல்லாவிட்டால் ஆணி வளையும், அல்லது பலகை பிளக்கும். இரண்டு பலகைகள் உராய்வதுதான் காரணமென்றால், இடுக்கில் முகப்பவுடரைத் தூவினாலே சில மாதங்களுக்குச் சத்தம் அடங்கும்.

எல்லாம் முடிந்தபின் ஆணித்தலைகளைக் கையால் தடவிப் பாருங்கள். மேலே நீட்டிக்கொண்டிருக்கும் ஒரே ஓர் ஆணி, புது விரிப்பைச் சில வாரங்களில் கிழித்துவிடும்.

முனகும் பலகையைவிட, மிதித்தால் மெத்தென்று அமுங்கும் பலகைக்குத்தான் நாம் அதிகம் பயப்பட வேண்டும். கத்தியின் நுனியால் குத்திப் பாருங்கள். எளிதாக உள்ளே இறங்கினால் மரம் உளுத்துவிட்டது. தூண்களில் மண்குழாய் ஏறியிருந்தால் கறையான் வந்துவிட்டது. அந்தக் குழாயைச் சுரண்டிவிட்டால் போதாது. புற்று பெரும்பாலும் மண்ணுக்குள் இருக்கும். மண்ணெண்ணெய் ஊற்றும் வழக்கத்தை அடியோடு விட்டுவிடுங்கள். அது பலகை வீடு; ஒரு தீப்பொறி போதும். இத்தகைய தரையை விரிப்பால் மூடினால், பாட்டியோ பிள்ளையோ கால் உள்ளே போய் விழுகிற நாள்வரை எவருக்கும் தெரியாது.

உளுத்த பலகையையும் குறுக்குக் கட்டையையும் மாற்றுவது நம் சொந்தச் செலவில் செய்யவேண்டிய வேலையன்று. தொழிலாளர்களின் வீடமைப்பு, வசதிகள் ஆகியவற்றுக்கான குறைந்தபட்சத் தரங்கள் பற்றிய 1990ஆம் ஆண்டுச் சட்டம், தோட்டத்தில் தொழிலாளிக்குக் கொடுக்கும் வீட்டைப் பழுதில்லாமல் வைத்திருக்கும் பொறுப்பை முதலாளியிடம் விட்டிருக்கிறது. கிராணியாரிடம் வாயால் சொல்வதோடு நின்றுவிடாமல் எழுதிக் கொடுங்கள். வீட்டு எண், எந்த அறை, எத்தனை பலகை, தேதி ஆகிய இவை போதும். ஆறாம் ஆண்டு படிக்கும் பிள்ளை மலாய் மொழியில் அழகாக எழுதித் தரும். ஒரு நகலை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். பதில் வரும்வரை அந்த இடத்தின்மேல் அலமாரியையோ தண்ணீர்த் தொட்டியையோ வைக்காதீர்கள்.

பலகை நன்றாகக் காய்ந்திருக்கும் நாளில் விரிப்பைப் போடலாம். சுருளைப் பிரித்து ஒருநாள் அப்படியே கிடக்க விட்டு, பிறகு வெட்டுங்கள். பலகையோடு பசை போட்டு ஒட்ட வேண்டாம். நீர் புகாத விரிப்பு அடியிலுள்ள ஈரத்தையும் வெளியே விடாது. ஒட்டாமல் போட்டிருந்தால், இரண்டு மாதத்திற்கு ஒருமுறை ஒரு மூலையைத் தூக்கிப் பலகை காய்ந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம்.