காருக்கு ஏற்ற பிரேக் பேட்



மோட்டார் கார் வாங்குவோர் எஞ்சினின் வலிமையையும் பெட்ரோல் செலவையும் துருவித் துருவிக் கேட்கிறார்கள். வண்டியை நிறுத்தும் உறுப்பைப் பற்றி விசாரிப்போர் சிலரே. ஆயினும் பிரேக் பேட் தேய்ந்து, புதியது மாற்றவேண்டிய நாள் ஒவ்வொரு காருக்கும் வருகிறது. அப்போது கடைக்காரர், "சாதாரணப் பேட் போதுமா, செராமிக் வேண்டுமா?" என்று கேட்கிறார். அதற்கு எவ்வாறு விடை கூறுவது என்பதை இன்று ஆராய்வோம்.

பிரேக் செய்யும் வேலை யாது? சக்கரத்தோடு சேர்ந்து சுழலும் இரும்புத் தட்டை டிஸ்க் என்கிறோம். மிதியை அழுத்தியதும் பிரேக் ஆயிலின் அழுத்தத்தால் இரண்டு பேட்டுகள் இருபுறமும் நெருங்கி அத்தட்டைப் பற்றுகின்றன. உராய்வினால் வண்டியின் இயக்க ஆற்றல் வெப்பமாக மாறுகிறது. வேகம் இரு மடங்கானால் வெப்பம் நான்கு மடங்காகும். ஆகவே வெப்பத்தை எவ்வாறு தாங்குகிறது என்பதே பேட்டுக்கு உரைகல்.

முற்காலத்தில் பேட்டுகளில் கல்நார் சேர்க்கப்பட்டது. அதன் நுண்ணிழை நுரையீரலைக் கெடுக்கும் என்று தெளிந்தபின் பல நாடுகள் அதைக் கைவிட்டன. இன்று கிடைப்பவற்றை மூவகையாகப் பிரிக்கலாம். இழை, ரப்பர், பிசின் முதலியவை கலந்த சாதாரணப் பேட் முதல் வகை. விலை குறைவு, ஆனால் விரைவில் தேயும். எஃகு இழையும் இரும்புத் தூளும் மிகுந்த உலோகக் கலப்புப் பேட் இரண்டாவது. அது கடும் வெப்பத்தைத் தாங்கும். ஆனால் சத்தம் மிகுதி, டிஸ்க்கும் தேயும். மூன்றாவது செராமிக். பீங்கான் என்றதும் தட்டும் கோப்பையும் நம் நினைவுக்கு வரும். இதுவோ பீங்கான் இனத்து நுண்ணிழைகளைக் கனிமத் தூளோடும் பிசினோடும் சேர்த்து அழுத்திச் செய்தது. விலையுயர்ந்த அதிவேகக் கார்கள் சிலவற்றில் டிஸ்க்கே கார்பன் கலந்த செராமிக்கால் ஆனது; அது வேறு, இது வேறு.

செராமிக் பேட் கிறீச்சிடுவது குறைவு. சக்கரத்தில் கரிய தூசி படிவதும் குறைவு. டிஸ்க்கை அதிகம் அரிப்பதில்லை. டில்லி, மும்பை போன்ற நகரங்களில் நாள்தோறும் நின்று நின்று செல்லும் குடும்பக் காருக்கு இவை நல்ல குணங்களே; கூடுதல் விலைக்கு ஈடாகும். ஆனால் "செராமிக் போட்டுவிட்டோம், இனி எந்த மலையிலும் அச்சமில்லை" என்று கருதுவது பெரும் பிழை.

ஒரு கணக்குப் பார்ப்போம். ரோதாங் கணவாயின் உயரம் 3,978 மீட்டர். அடிவாரத்து மணாலி சுமார் 2,050 மீட்டர். 1,200 கிலோ எடையுள்ள கார் அங்கிருந்து இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல், மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் அதே காரைச் சுமார் 130 தடவை நிறுத்துவதற்குச் சமம். காற்றும் எஞ்சினும் ஒரு பங்கை ஏற்கும். எஞ்சிய அனைத்தும் பிரேக்கின் தலையில் விழும்.

இடைவிடாது மிதித்துக்கொண்டே இறங்கினால் பேட்டிலுள்ள பிசின் சூடேறி வாயுவாகும், பற்று தளரும். பிரேக் ஆயிலும் கொதிக்கக்கூடும். டாட் 3 வகை ஆயில் புதிதாயிருக்கையில் 205 டிகிரி செல்சியஸ் வரையில் கொதிக்காதிருக்க வேண்டும் என்பது விதி. காற்றின் ஈரத்தை உறிஞ்சிய பின் அந்த எல்லை 140 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. கொதித்தால் குழாயில் ஆவிக் குமிழிகள் தோன்றும். மிதி தரைவரை அமுங்கும், வண்டி நிற்காது. எந்தப் பேட்டும் அப்போது நம்மைக் காப்பாற்றாது. ஏறும்போது போட்ட கியரிலேயே இறங்குவதும், உரிய காலத்தில் ஆயிலை மாற்றுவதுமே காப்பு. பாரம் ஏற்றி அடிக்கடி மலையேறும் வண்டிக்குப் பெரும்பாலும் உலோகக் கலப்பே தக்கது.

வாங்கும்போது பேட்டின் ஓரத்தைப் பாருங்கள். பல பேட்டுகளில் இரண்டு ஆங்கில எழுத்துக்கள் பொறித்திருக்கும். முதலெழுத்து இயல்பு நிலையின் உராய்வையும், அடுத்தது சூடேறிய நிலையின் உராய்வையும் காட்டும். 'ஈ' என்றால் 0.25 முதல் 0.35 வரை, 'எஃப்' என்றால் 0.35 முதல் 0.45 வரை. 'எஃப் ஈ' என்றிருந்தால் சூட்டில் பற்றுக் குறையும் என்று பொருள். 'எஃப் எஃப்' நிலையானது. செராமிக் என்ற பெயரைவிட இவ்வெழுத்துக்கள் மிகுதியாகச் சொல்லும்.

நம் நாட்டின் சிறிய கார்கள் பலவற்றில் பின்சக்கரங்களுக்கு டிரம் பிரேக்தான்; அங்கே பேட் இல்லை, ஷூ உண்டு. முன்சக்கரம் இரண்டுக்கும் ஒருசேர மாற்றுக. வண்டி செய்தவர் குறித்த அளவையே கேட்டு, ரசீதுடன் வாங்குக; போலிச் சரக்கு மலிவாகக் கிடைத்தாலும் உயிருக்கு விலையாகும். மாற்றியபின் சில நாள் மென்மையாக மிதித்துப் பழக்குக. பேட் 3 மில்லிமீட்டராகத் தேய்ந்ததும் காலந்தாழ்த்தாது மாற்றுக.

நம் வண்டி நாள்தோறும் எந்தச் சாலையில், எவ்வளவு பாரத்தோடு ஓடுகிறது என்பதை முதலில் எண்ணிப் பார்த்து, அதற்கு ஏற்ற பேட்டைத் தேர்ந்துகொள்வோமாக.