கணக்கெடுப்பவன் கையில்தான் திட்டம்

(தாராவி மறுவளர்ச்சித் திட்டம் பற்றி மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கூடிய அரங்கில் பேசியதன் எழுத்து வடிவம்)



நகரத் திட்டம் என்றால் அது என்ஜினியர் சமாச்சாரம், நமக்கென்ன என்று இருந்துவிடுகிறோம். ஊரை ஒரு பக்கமும் சேரியை ஒரு பக்கமும் வைத்தானே, அவனும் திட்டம் போட்டவன்தான். நம்ம பாட்டன்கிட்ட அவன் கருத்துக் கேட்கல. இன்றைக்குக் கேட்கிறார்கள். எப்போது கேட்கிறார்கள் என்பதுதான் என் கேள்வி.

தாராவி நமக்கு அந்நியமான இடமல்ல. திருநெல்வேலிச் சீமையிலிருந்து போன நம்ம சனம் தோல் பதனிட்டு வாழ்ந்த மண் அது. கோலி மீனவர்கள், குஜராத்திலிருந்து வந்த குயவர்கள், முஸ்லிம் தொழிலாளர்கள் என்று பலரும் சேர்ந்து சதுப்பு நிலத்தை மேடாக்கி உருவாக்கிய பகுதி. பக்கத்திலேயே பாந்த்ரா குர்லா வணிக வளாகம் எழும்பியதும், அந்த மேட்டுக்குப் பொன் விலை வந்துவிட்டது.

இப்போ வரிசையைப் பாருங்க. 2022 நவம்பரில் 5,069 கோடி ரூபாய் ஏலத்தில் அதானி குழுமம் திட்டத்தை எடுத்தது. 2024 மார்ச்சில் வீடு வீடாகக் கணக்கெடுப்பு தொடங்கியது. 2025 மே மாதம் பெருந்திட்டத்துக்கு மகாராஷ்டிர முதல்வர் ஒப்புதல் தந்தார். முதலில் கம்பெனி, பிறகு கணக்கு, அப்புறம் வரைபடம். மும்பையில் தனியார் செய்யும் மற்ற குடிசை மறுவாழ்வுத் திட்டங்களில், பாதிக்கு மேற்பட்ட குடியிருப்போரின் ஒப்புதல் வேண்டும். அரசே நடத்தும் திட்டம் என்று சொல்லி, தாராவியில் அந்த ஒப்புதலும் கேட்கப்படவில்லை.

சரி, அந்தக் கணக்கில் யார் ஆள்? 2000 சனவரி 1க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருந்தவருக்கு தாராவியிலேயே 350 சதுர அடி வீடு இலவசம். அதற்குப் பிறகு 2011 சனவரி 1 வரை வந்தவருக்குத் தாராவிக்கு வெளியே, இரண்டரை லட்சம் ரூபாய்க்கு. அதற்கும் பிறகு வந்தவர்களும் மாடியில் இருப்பவர்களும் வெளியேதான், அதுவும் வாடகைக்கு. ஏணி வைத்து ஏறுகிற மாடி அறையில் முப்பது வருசம் குடியிருந்தாலும் வெளியேதான்! வெளியே என்றால் எங்கே? அரசு ஒதுக்கிய நிலங்களில் உப்பளமும் உண்டு, தேவனார் குப்பைக் கிடங்கும் உண்டு. ஊருக்கு வெளியே சேரி வைத்த அதே புத்தி, மாநகரத்திலும் வேலை செய்கிறது.

இன்னொன்று. தாராவியில் வீடுதான் பட்டறை. அப்பளம் இட்டுக் காயவைக்க வெயில் விழும் திறந்தவெளி வேண்டும். குயவனுக்குச் சூளை வேண்டும். இருபதாவது மாடியில் எங்கே காயவைப்பது, எங்கே சூளை மூட்டுவது? இதை ஆர்க்கிடெக்டுக்குச் சொல்லத் தெரிந்தவள் அப்பளம் இடுகிற அம்மாதான். வரைபடம் முடிந்த பிறகு அவளைக் கூப்பிட்டுப் படம் காட்டுவது பங்கேற்பு அல்ல, வேடிக்கை காட்டுவது.

மாற்று வழியை நம்ம மக்களே காட்டியிருக்கிறார்கள். 1985இல் பிரதமராக இருந்த ராஜீவ் காந்தி பம்பாய்க்கு 100 கோடி ரூபாய் அறிவித்தார். அதில் ஒரு பங்கு தாராவிக்கு. அதிகாரிகள் ஒரு கணக்கு சொன்னார்கள். கோலார் தங்கவயலில் பிறந்த தமிழர் ஜோக்கின் அற்புதம் தலைமையிலிருந்த தேசியக் குடிசைவாசிகள் கூட்டமைப்பும் வேறு அமைப்புகளும், மக்களையே வைத்துத் தெருத்தெருவாக எண்ணின. அதிகாரிகள் சொன்னதைவிட மிக அதிகமான குடும்பங்கள் இருப்பது தெரிந்தது. பேரம் பேச அந்த நோட்டுப்புத்தகம் ஆயுதமானது.

நம்மையும் கேட்டுக்கொள்ள வேண்டும். 'உள்ளூர் மக்கள்' என்கிறோமே, அது யார்? அதிகாரியைப் பார்க்கப் போகிற சங்கத் தலைவர் பெரும்பாலும் தரைத்தளத்துக்காரர். மாடியில் வாடகைக்கு இருப்பவனும், நேற்று ரயில் ஏறி வந்தவனும் அந்தக் குழுவில் இல்லை. அவனை விட்டுவிட்டு நாம் பேசினால், அரசு போட்ட கோட்டை நாமே அழுத்திப் போடுகிறோம் என்று அர்த்தம்.

மாணவத் தோழர்களே, உங்கள் நகரத்திலும் மெட்ரோ என்றும் ஆற்றங்கரை அழகு என்றும் திட்டங்கள் வரும். கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு நோட்டீஸ் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். அதற்கு முன்னாலேயே நோட்டுப்புத்தகத்தோடு சேரிக்குள் போங்கள். மாடி அறையிலிருந்து எண்ணத் தொடங்குங்கள். எண்ணப்படாதவனுக்கு வரைபடத்தில் இடமில்லை.

இத்தோடு முடிச்சுக்கிறேன். ஜெய்பீம்!