கூடையில் வருவதைச் சமைப்பது



சந்தைக்குப் போனால் வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்க்கிறோம். முற்றலைத் தள்ளிவிட்டு, பேரம் பேசி, வேண்டியதை மட்டும் பையில் போட்டுக்கொள்கிறோம். இந்த உரிமையைத் தாமாகவே விட்டுக்கொடுக்கும் குடும்பங்களும் உலகில் இருக்கின்றன. பருவம் தொடங்குமுன்பே ஒரு விவசாயியிடம் பணத்தைக் கொடுத்து, 'உங்கள் நிலத்தில் எது விளைகிறதோ அதைக் கொடுங்கள்' என்று சொல்லிவிடுகிறார்கள். சமூக ஆதரவு வேளாண்மை என்பது இந்த ஏற்பாட்டின் பெயர். இதன் நிறை குறைகளையும், நம் கோடைக்காலச் சமையல் இதற்கு எப்படி ஈடுகொடுக்கும் என்பதையும் இன்று பார்ப்போம்.

ஜப்பானில் இது வேர்விட்டதற்கு ஓர் அச்சம் காரணம். 1955-இல் ஆர்சனிக் கலந்த பால்மாவு அங்கே ஆயிரக்கணக்கான குழந்தைகளைப் பாதித்தது. மினமாட்டா நகரத்தில் பாதரசம் மீன் வழியாக மனிதர்களின் உடலுக்குள் போனது. வயலில் பூச்சிமருந்தும் பெருகியது. நம்பி உண்ணக்கூடிய காய்கறியும் பாலும் வேண்டும் என்று நகரத்துத் தாய்மார்கள் விவசாயிகளைத் தேடிப் போனார்கள். 1971-இல் கூட்டுறவு இயக்கத்தில் ஊறிய தெருவோ இச்சிராகு முன்னின்று ஜப்பான் இயற்கை வேளாண்மைச் சங்கத்தைத் தொடங்கினார். விவசாயியும் உண்பவரும் நேரடியாகக் கைகோக்கும் அந்த முறையைத் தெய்கெய் என்றார்கள். 1978-இல் அதற்குப் பத்துக் கொள்கைகளை வகுத்தார்கள். விலையை இரு தரப்பும் விட்டுக்கொடுத்துப் பேசி முடிவு செய்வது அவற்றில் ஒன்று. விளைந்ததையெல்லாம் உண்பவர்கள் ஏற்றுக்கொண்டு, அதற்கேற்ப வீட்டுச் சாப்பாட்டை அமைத்துக்கொள்வது இன்னொன்று.

அமெரிக்காவில் 1986-இல் மாசசூசெட்ஸிலும் நியூ ஹாம்ப்ஷயரிலும் இரண்டு பண்ணைகள் இதே போன்ற முறையில் தொடங்கின. பிரான்சில் 2001 முதல் இது பரவியது. கணக்கு எளிது. விதை, கூலி, உரம், விவசாயியின் வாழ்க்கைச் செலவு எல்லாவற்றையும் கூட்டி, சேர்ந்திருக்கும் குடும்பங்களுக்குப் பங்கு பிரிக்கிறார்கள். விளைவது கூடையில் வீட்டுக்கு வரும். மழை பொய்த்தால் கூடை சிறுக்கும், பணம் திரும்பி வராது. விளைச்சல் கொழித்தால் கூடை நிரம்பி வழியும், கூடுதல் பணம் கேட்கமாட்டார்கள்.

நட்டத்தைப் பங்குபோட்டுக்கொள்ளும் இந்த இடம்தான் இதன் உயிர்நாடி. 1999-இல் மதுரையில் தொடங்கிய நம் உழவர் சந்தை, இடைத்தரகரை விலக்கி விவசாயிக்குப் பெரிய நன்மை செய்தது. ஆனால் அங்கும் விற்காமல் மிஞ்சிய கத்தரிக்காய் விவசாயியின் தலையில்தான் விடிகிறது. வெளிச்சந்தையிலோ தக்காளி விலை சரிந்தால் சாலையோரம் கொட்டுகிறார்கள். 2023 ஜூலையில் அதே தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டியது. இரண்டு நிலைமையிலும் பறிப்பவரும் வாங்குபவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை.

சரி, கூடை வீட்டுக்கு வந்துவிட்டது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அமெரிக்காவில் ஓராண்டு சேர்ந்துவிட்டு விலகுகிறவர்கள் வழக்கமாகச் சொல்லும் காரணங்கள் இவை: காய் மிதமிஞ்சி வருகிறது, பழகாத காயாக வருகிறது, சமைக்க நேரமில்லை. அதனால் பல பண்ணைகள் கூடையோடு சமையல் குறிப்பையும் சேர்த்தே அனுப்புகின்றன.

இந்த இடத்தில் நம் அடுப்படிக்கு ஒரு பலம் இருக்கிறது. தை, மாசியில் விதைத்த கொடிக்காய்கள் பங்குனி, சித்திரையில் ஒரே மூச்சில் காய்க்கும். சுரை, பீர்க்கு, புடலை, வெள்ளரி, பூசணி என்று எல்லாமே நீர்ச்சத்துள்ள காய்கள். பீர்க்கங்காயை நறுக்குமுன் நுனியில் ஒரு துண்டு கிள்ளி வாயில் போட்டுப் பார்க்க வேண்டும். கசந்தால் அந்தக் காயைத் தூக்கிப் போட்டுவிட வேண்டும், சேர்த்தால் கூட்டே பாழ். நல்ல காயின் சதையை வேகவைத்த பாசிப்பருப்போடு கூட்டாக்கலாம். தண்ணீர் ஊற்றத் தேவையில்லை, காயே விட்டுக்கொள்ளும். தோலை நல்லெண்ணெயில் வதக்கி, உளுத்தம்பருப்பு, காய்ந்த மிளகாய், புளி சேர்த்துக் கொரகொரப்பாக அரைத்தால் துவையல். குப்பைக்குப் போவது காம்பு மட்டுமே.

அளவுக்கு மீறி வந்துவிட்டால் வற்றல் இருக்கிறது. கொத்தவரங்காயை உப்பும் மஞ்சளும் போட்டு அரைவேக்காட்டில் வடித்து, மொட்டை மாடியில் வேட்டி விரித்துக் காயவைப்பார்கள். முதல் நாள் வெயிலில் மேல்தோல் சுருங்கும், உள்ளே ஈரம் நிற்கும். ஒன்றை எடுத்து ஒடித்தால் படக்கென்று முறிய வேண்டும். வளைந்தால் இன்னும் வெயில் காட்ட வேண்டும். ஈரத்தோடு டப்பாவில் அடைத்தால் பூஞ்சை பிடித்துவிடும். சித்திரை வெயிலில் செய்தது ஐப்பசி மழையில் வற்றல் குழம்பாகும். கூடையின் அடியில் இரண்டு கத்தரிக்காய், ஒரு முருங்கைக்காய், ஒரு துண்டு மாங்காய் மிஞ்சினால் கதம்ப சாம்பார். நிலம் கொடுத்ததைக் கொண்டு உலை வைக்கும் இந்தச் சாமர்த்தியம் நம் சமையலில் ஏற்கெனவே இருக்கிறது.

ஆனால் இந்த முறையைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடவும் முடியாது. அன்றாடக் கூலியில் குடும்பம் நடத்துகிறவர் ஒரு பருவத்துக்கான முன்பணத்துக்கு எங்கே போவார்? இதற்கு நியூ ஹாம்ப்ஷயர் பண்ணை ஒரு வழி கண்டது. ஒவ்வொரு குடும்பமும் தன்னால் இயன்ற தொகையைச் சொல்கிறது. மொத்தம் பண்ணையின் செலவை எட்டினால் போதும். அடுத்து, ஒரு ஏக்கர் முழுக்கத் தக்காளி போட்டுப் பழகிய விவசாயி பத்துப் பதினைந்து காய்களுக்கு மாறுவது லேசான காரியமில்லை. விதைப்பு, பந்தல், பறிப்பு எல்லாமே ஒவ்வொன்றுக்கும் தனித்தனி.

எல்லாவற்றையும்விடப் பெரிய கேள்வி, தோலை வதக்குவதும் வற்றல் புரட்டுவதும் யார் வேலை என்பது. ஜப்பானில் தெய்கெய் குழுக்களைத் தாங்கியவர்கள் வீட்டிலிருந்த பெண்கள். காய் பிரிப்பதும் கணக்கு எழுதுவதும் சமைப்பதும் அவர்கள் கையில் இருந்தன. அவர்கள் வேலைக்குப் போகத் தொடங்கியதும் பல குழுக்கள் தளர்ந்துபோயின. ஒருத்தியின் முதுகில் மட்டும் பாரத்தை ஏற்றும் ஏற்பாடு எத்தனை நல்ல நோக்கத்தோடு வந்தாலும் நீடிக்காது.

என் மதிப்பீட்டில் இது தேறக்கூடிய முறைதான். ஆனால் நிலத்தில் விவசாயி படும் பாட்டில் ஒரு பங்கை அடுப்படியில் குடும்பம் முழுவதும் பட வேண்டும். சேர விரும்பும் நேயர்கள் தெருவில் நான்கைந்து வீடாகக் கூடி, பக்கத்து ஊர் விவசாயி ஒருவரிடம் ஒரே ஒரு பட்டத்துக்கு மட்டும் பேசிப் பாருங்கள். விளைச்சல் குறைந்தால் என்ன செய்வது என்பதை முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள். முன்பணம் கொடுப்பதற்கு முன்னால், கூடை வரும் நாளில் யார் நறுக்குவது, யார் சமைப்பது என்று வீட்டில் பேசி முடிவெடுங்கள்.